ஒன்பது வருஷக் கஞ்சி

மேற்கு மலை அடிவாரத்தில், வாய்க்கால் கரையில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. நாலு அறை, ஒரு அடுக்களை, ஒரு கூடம், வாசலில் ஒரு வேம்பு. சுற்றுவட்டாரத்தில் அதற்குக் கஞ்சி மடம் என்றுதான் பெயர்.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் பத்தியச் சாப்பாட்டைக் குருதான் தன் கையால் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பானை, ஒரு அகப்பை. பலாமரத்தில் செதுக்கிய அகப்பை. அங்கே பட்டம் கட்டுவது என்றால் தலைப்பாகை கிடையாது, கோல் கிடையாது. பழைய குரு அந்த அகப்பையைப் புதிய குருவின் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் பட்டம்.

இப்போதைய குருவின் பெயர் ஆதிமூலம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, சாமி என்பார்கள். அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சிஷ்யை சங்கரவடிவுக்கு ஐம்பத்தேழு. பதினாறு வயசு சின்னவரைக் குரு என்று கும்பிடுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அவர் பட்டத்துக்கு வந்த வருஷம்தான் அவளும் மடத்துக்கு வந்தாள். அந்த அகப்பையால் அவர் முதன்முதலில் கிண்டியதே அவளுக்கான கஞ்சியைத்தான்.

அவள் தபாலாபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை கிடையாது. எப்போதாவது வயிறு பொருமும், எப்போதாவது வலிக்கும். டாக்டரிடம் போனாள். அல்சர் என்றார். சோறு, குழம்பு எல்லாம் நிறுத்திவிட்டு ரொட்டி, ரஸ்க், கோதுமைக் கஞ்சி என்று இருங்கள் என்றார். இருந்தாள். எப்போதாவது வந்த வலி தினமும் வர ஆரம்பித்தது.

அடுத்த டாக்டர் வாய்வு என்றார். அதற்கடுத்தவர் நரம்பு என்றார். கடைசியாக ஒருவர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, உங்களுக்கு வியாதி வயிற்றில் இல்லை, மனசில் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. கஞ்சியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மனசில் வியாதி என்றால் மடத்துக்குத்தானே போக வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

என்ன சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று சாமி கேட்டார். சொன்னாள். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே சம்பா கோதுமையை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, குழையக் காய்ச்சி, மோர் விட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு யாரும் அப்படி எதிரில் உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. கண் கலங்கிவிட்டது.

அப்புறம் தினமும் ஐந்து மணிக்குக் கஞ்சி. ஒரு நாள் தவறியதில்லை. சாமிக்கே காய்ச்சல் வந்த அன்றும் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்து கிண்டினார்.

முதல் வருஷத்தில் ஒரு நாள் அவள் கேட்டாள். "சாமி, இந்த வலி எப்பப் போகும்?"

சாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலி விருந்தாளி அம்மா. வாசல்ல நிறுத்தி எப்பப் போவேன்னு கேக்கப்படாது. உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்லுங்க."

இது மடத்துக் காரியங்களைப் பார்க்கிற திரவியம் அண்ணாச்சி காதில் விழுந்தது. அவர் விடுவாரா? ஆளைக் கூட்டிவந்து கூடத்துச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுத வைத்துவிட்டார். 'வலி விருந்தாளி. உட்காரச் சொல்.' வருகிறவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பிற்பாடு ஃபோனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

சுவரைக் காட்டிய கையோடு அண்ணாச்சி சங்கரவடிவையும் காட்டுவார். இந்த அம்மாவைப் பாருங்கள், இத்தனை வருஷமாக வலி, ஒரு முனகல் உண்டா என்பார். முனகல் இருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் முனகுவாள். இத்தனை பேர் பார்த்துக் கும்பிட்ட பிறகு வெளியே எப்படி முனகுவது?

ஐப்பசியில் கந்த சஷ்டி வரும். மடத்தில் ஆறு நாளும் பாலும் பழமும்தான், நோயாளிக்கும் அதேதான். நாலாம் நாள் அவளுக்கு வலி பாதியாகும். ஆறாம் நாள் வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது. முருகன் அருள் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஏழாம் நாள் கஞ்சி. பத்தாம் நாள் வலி பழையபடி வந்து குந்திக்கொள்ளும். நம் பக்தி ஆறு நாளைக்குத்தான் தாங்கும் போல என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்பது சஷ்டி இப்படியே போயிற்று. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த மாசியில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை. தூக்கினாள், முறிந்தது. தென்காசியிலிருந்து தம்பி குற்றாலிங்கம் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டர் பெண். கட்டுப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எலும்பு ஏன் இப்படிச் சுள்ளி மாதிரி இருக்கிறது, ரத்தம் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று யோசித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள். எங்கே வலிக்கும், எந்த நேரத்தில் வலிக்கும், என்றைக்காவது வலிக்காமல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். சங்கரவடிவுக்குச் சிரிப்புதான் வந்தது. உடைந்தது கை. இவள் வயிற்றை விசாரிக்கிறாள்.

கந்த சஷ்டியில் வலிக்காது, அது முருகன் அருள் என்றாள்.

"அந்த ஆறு நாள் எதைச் சாப்பிட மாட்டீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்த சங்கரவடிவுக்கு வாய் மூடவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளிருந்து துளி சதை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. வியாதிக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள், அது அவள் வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான்: கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. ஒவ்வொரு வாய்க் கோதுமையும் குடலின் உள்தோலை அரித்திருக்கிறது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போனதால்தான் ரத்தமும் எலும்பும் இந்தக் கதி.

என்ன மாத்திரை என்று கேட்டாள். எலும்புக்கும் ரத்தத்துக்கும் கொஞ்ச நாள் மாத்திரை, வயிற்றுக்கு ஒன்றும் வேண்டாம், கோதுமையை விட்டால் போதும் என்றாள் டாக்டர். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், கட்டிப் பெருங்காயம், இதிலெல்லாம் கோதுமை உண்டு, தொடக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

"யாரும்மா உங்களைக் கோதுமை சாப்பிடச் சொன்னது?"

"எல்லாரும்" என்றாள் சங்கரவடிவு.

தம்பி வீட்டில் மூன்று வாரம் சோறு தின்றாள். வெறும் சோறு, ரசம், ஒரு கீரை. பத்தாம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். பதினைந்தாம் நாள் வயிற்றை மறந்தே போனாள். தம்பி பெண்டாட்டிதான் குதித்தாள். ஒன்பது வருஷம் மதினி, ஒரு ஆளையாவது நாலு கேள்வி கேட்க வேண்டாமா என்றாள்.

கேட்கத் தெம்பு இருந்தால்தானே. கோபம் வரும் வரும் என்று சங்கரவடிவும் காத்திருந்தாள். வரவில்லை. அலுப்புதான் வந்தது. வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் தவிடு. அந்த மாதிரி அலுப்பு.

மடத்துக்குத் திரும்ப வேண்டாம், இங்கேயே இருந்துவிடு அக்கா என்றான் தம்பி. பெட்டி அங்கே இருக்கிறது என்றாள். சாமியிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

"வினை, சோதனை, அருள்னு ஏதாவது ஆரம்பிச்சார்னா பெட்டியைத் தூக்கிட்டு நாலரை வண்டிக்கு வந்திருவேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, கட்டுப் போட்ட கையோடு மடத்தில் போய் இறங்கினாள். அவள் வருகிற சேதி ஃபோனில் போயிருந்தது. சாமி அன்றைக்கு ஐந்து மணிவரை காத்திருக்கவில்லை. முன்னாடியே காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, அவள் அறையில் கொண்டுவந்து வைத்திருந்தார். கிண்ணத்துக்கு எதிரில் அவர் உட்காருகிற பலகை.

அவள் உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஆறிப்போகுது அம்மா."

"ஆறட்டும் சாமி. இதைத்தான் குடிக்கக் கூடாதாம்."

சொன்னாள். டாக்டர் சொன்னது, குழாய் விட்டது, மூன்று வாரம் சோறு தின்றது. எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வாக்கியம்தான் வந்தது. தபாலாபீசில் பிறத்தியார் தந்தியை வாசித்துக் காட்டுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

சாமி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து ஆகல?"

"நீங்க வச்ச முதக் கிண்ணத்துலேருந்து. அதுக்கு முந்தியும்தான்."

அவள் தன் கேள்வியை எடுத்தாள்.

"சாமி, வலியைப் பொறுத்துக்கிட்டேன்னு எல்லாரும் என்னைக் கும்பிட்டாங்க. நானும் பெரிசா என்னமோ பொறுக்கேன்னுதான் நினைச்சேன். இப்ப பாத்தா பொறுக்க வேண்டிய வலியே இல்லியாம். அப்ப ஒன்பது வருஷமா நான் எதைப் பொறுத்துக்கிட்டிருந்தேன்?"

சாமி கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். திறந்தார். "ஒரு ஊர்ல ஒரு தச்சன் இருந்தான். அவன் ஒரு நாள் மரம் வெட்டக் காட்டுக்கு..."

"கதை வேண்டாம் சாமி."

கதை நின்றுவிட்டது. அந்தத் தச்சன் காட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"சுவத்துல எழுதியிருக்கே, அதையும் சொல்லிராதீங்க" என்றாள் அவள். "விருந்தாளி தானா வரல. நீங்கதான் தினம் அஞ்சு மணிக்குக் கிண்ணத்துல வச்சுக் கூட்டிட்டு வந்தீங்க."

சாமி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஒற்றைக் கையால் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மடிக்க வரவில்லை, சுருட்டித் திணித்தாள். அடுக்களையில் பானை தேய்க்கிற சத்தம் கேட்டது. நாலு மணி தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். சாமி குந்தவைத்து உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு நோயாளிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சாம்பல்.

திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "கழுவினாப் போதுமா? இல்ல, வேற பானை வேணுமா?"

டாக்டர் சொன்னதை யோசித்துச் சொன்னாள். "பானைக்குக் கழுவினாப் போதும். மர அகப்பைதான் ஆகாதாம். கோதுமையை உள்ள இழுத்து வச்சுக்கும்."

சாமி அகப்பையை எடுத்தார். அடியும் நுனியும் ஒரு தடவை பார்த்தார். எரிகிற அடுப்பில் விறகோடு விறகாகச் செருகிவிட்டு மறுபடியும் பானைக்கு வந்துவிட்டார்.

நாலு குருமார்கள் பிடித்த அகப்பை. அவர்கள் கை பட்டுப் பட்டுப் பிடி வழுவழுத்துக் கிடந்தது. அது புகைந்தது, அப்புறம் பற்றிக்கொண்டது.

சங்கரவடிவுக்கு ஒன்றும் இளகிவிடவில்லை. அகப்பை எரிந்தால் ஒன்பது வருஷம் திரும்பி வருமா? கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. நாலரை ஆகப் போகிறது. நடந்தாள்.

கூடத்தில் ஒரு வேன் நிறைய ஆட்கள். பீடி சுற்றுகிற ஊரிலிருந்து வந்த பெண்கள். திரவியம் அண்ணாச்சி சுவரெழுத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அடுக்களையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொல்லுதேன்லா, அந்த அம்மா இவங்கதான். ஒன்பது வருஷமா வலி. ஒரு முனகல் கிடையாது."

எல்லோரும் கும்பிட்டார்கள். முன்வரிசையில் முத்துக்கனி என்று ஒருத்தி. முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மடியில் நோட்டு, கையில் பேனா.

"எப்படிம்மா பொறுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். பகட்டுக்குக் கேட்கவில்லை. தனக்கு வேண்டும் என்று கேட்டாள்.

சங்கரவடிவு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்குச் சும்மா சிரித்துவைத்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களை வாசலில் சாமி வந்து நிற்பது தெரிந்தது.

"அவர்கிட்டக் கேளுங்க" என்றாள். "நானும் அதைத்தான் கேட்டேன். பதில் வரல."

வெளியே வேம்படியில் நாலரை வண்டி வந்து திரும்பி நின்றது. ஹாரன் ஒரு தடவை அடித்தது. போகிறவர்கள் இருந்தால் இரண்டாம் ஹாரனுக்குள் வந்துவிட வேண்டும்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள். "சாமி, ஒன்பது வருஷமா நான் எதைப் பொறுத்துக்கிட்டிருந்தேன்?"

பேனாக்கள் தயாராயின. அண்ணாச்சி கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார். நல்ல வாசகம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பெயிண்ட்காரன் நம்பர்கூட ஃபோனில் இருந்தது.

சாமி சொன்னார்.

"என் கஞ்சியை."

யாரோ ஒருத்தி பின்னால் சிரித்தாள். சாமி தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கோதுமை இவங்களுக்கு ஆகாது" என்றார் சாமி. "நான் கேக்கல. தினம் காய்ச்சிக் குடுத்தேன். இவங்களுக்கு வலிச்சது அதுதான். வேற ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். கூப்பிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். கூடத்தில் ஒரு பேனாவும் அசையவில்லை.

வெளியே இரண்டாம் ஹாரன் அடித்தது.

சங்கரவடிவு பெட்டியைக் கீழே வைத்தாள். அதன்மேலேயே உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கால் கடுத்தது. கேட்டதற்குப் பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதிலால் ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் திரும்பாது. ஆனால் அவள் ஓடிப்போய் வண்டி ஏறுகிற மாதிரியான பதில் இல்லை அது.

வண்டி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. அப்புறம் போய்விட்டது.

இனி நாளைக் காலையில்தான் வண்டி என்றார் அண்ணாச்சி, ஏதாவது பேச வேண்டுமே என்று.

"சோறாக்கக் கரண்டி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு. எவர்சில்வர்."

"போதும்" என்றாள். "நானே ஆக்கிக்கிடுதேன்."

சாமி சரி என்று தலையாட்டினார். நோயாளி தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்வது அந்த மடத்தில் அதுதான் முதல் தடவை.

முத்துக்கனி இன்னும் நோட்டைத் திறந்துவைத்தபடியே இருந்தாள். அதில் ஒன்றும் எழுதவில்லை. மூடவும் மனசில்லை. அவ்வளவு தூரம் வந்ததே இதற்குத்தான். மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, எனக்கும் நாலு வருஷமாத் தலைவலி. பாக்காத டாக்டர் இல்ல. எப்பப் போகும்?"

எல்லோர் கண்ணும் சுவரில் இருந்த நீல எழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பின. சங்கரவடிவு மட்டும் சாமியைப் பார்த்தாள்.

சாமி கையிலிருந்த சாம்பலை வேட்டியில் துடைத்தார். முத்துக்கனிக்கு எதிரில் வந்து வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"தலையில எங்கம்மா?" என்று கேட்டார்.